பாலத்துல நின்னுடும் தம்பி!

விடியற்காலை நாலரை மணி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. என் மலைச் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு மீன்பாடி வண்டி. இப்போது பலர் பழைய இரண்டுசக்கர வண்டியின் இன்ஜினை அதில் மாட்டி ஓட்டுகிறார்கள். இவருடையது இன்னும் காலால் மிதிக்கிற வண்டி. மீனும் ஐஸுமாகப் பெட்டிகளை அடுக்கி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. கெண்டைக்கால் மட்டும் தோணிக் கயிறு மாதிரி முறுக்கேறியிருந்தது.

"இத்த வெச்சுக்கினு எங்க போவ?" என்று என் சைக்கிளைக் காட்டிக் கேட்டார்.

"அடுத்த மாசம் கொல்லிமலைல பன்னண்டு மணி நேரம் ஓட்டணும்ணே. ஃப்ரெண்ட்ஸ் நாலு பேருக்குள்ள ஒரு பந்தயம்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "எடுத்தவுடனே ஏறி மெறிக்காத. கால் நல்லாக்கீதேன்னு மெறிச்சுட்டன்னு வெச்சுக்க, பாலத்துல நின்னுடும் தம்பி."

அந்தச் சொல்லை நான் அன்று முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. கொல்லிமலையில் உட்கார்ந்துபோன பிறகுதான் புரிந்தது. நெடுநேரம் சைக்கிள் ஓட்டுவது வைராக்கியத்தின் வேலை என்றே அதுவரை நினைத்திருந்தேன். அது வரவு செலவுக் கணக்கு. காலின் வலு, வயிற்றின் உணவு, தோலின் வியர்வை, நுரையீரலின் காற்று என்று நாலு கணக்குகள். இவற்றில் ஒன்று தவறினாலும் மற்ற மூன்றும் சேர்ந்து நம்மைக் காப்பாற்றாது.

மொட்டைமாடித் தொட்டி

அந்த அண்ணன் சொன்னதைப் பிரான்ஸைச் சேர்ந்த மோனோ, ஷெரெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-ல் ஒரு சமன்பாடாக எழுதியிருக்கிறார்கள். ஒவ்வோர் உடம்புக்கும் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குக் கீழே மிதித்தால் நெடுநேரம் தாங்கும். அதற்கு மேலே மிதிக்கிற ஒவ்வொரு நொடியும் ஒரு சிறிய சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிற நொடி.

வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் மோட்டார் ஒரே சீராகத்தான் தண்ணீர் ஏற்றும். குழாயை அந்த அளவுக்குள் திறந்தால் தொட்டி குறையாது. கூடுதலாகத் திறந்தால் குறையத் தொடங்கும். தொட்டி காலியாகிவிட்டால், எவ்வளவுதான் குழாயைத் திருகினாலும் மோட்டார் ஏற்றுகிற அளவுதான் வரும். இதயமும் நுரையீரலும் ஆக்ஸிஜனைக் கொண்டுவந்து தசைக்குக் கொடுப்பது மோட்டார். தசைக்குள் ஏற்கெனவே இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டும், ஆக்ஸிஜன் வந்துசேரும் முன்பே சர்க்கரையை அவசரமாக உடைத்துப் பெறுகிற ஆற்றலும் சேர்ந்தது தொட்டி.

ஓரளவு பயிற்சி உள்ள சாதாரண மனிதருக்கு அந்த வரம்பு 150 முதல் 200 வாட் இருக்கலாம். தொட்டியின் கொள்ளளவு சுமார் 20 கிலோஜூல். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அவ்வளவு சிறிய தொட்டி.

இப்போது மீன்பாடி வண்டியைப் பாலத்தில் ஏற்றிப் பார்ப்போம். வண்டி, சரக்கு, ஆள் மூன்றும் சேர்த்து 340 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாலத்தின் ஏற்றம் 200 மீட்டர் நீளம், 8 மீட்டர் உயரம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், அதாவது நடக்கிற வேகத்தில் ஏறினாலும் சுமார் 230 வாட் தேவை. வண்டிக்காரரின் வரம்பு 150 வாட் என்றால், உச்சி சேரும் இரண்டரை நிமிடமும் நொடிக்கு 80 ஜூல் தொட்டியிலிருந்து போகும். மொத்தம் 12 கிலோஜூல். தொட்டி நிறைந்திருந்தால் பாலம் ஏறி, மீதியும் இருக்கும். புறப்பட்ட வேகத்தில் பத்து கிலோஜூலைத் தெருவிலேயே கொட்டிவிட்டு வந்திருந்தால்? கணக்கு பாலத்தின் உச்சிக்குச் சற்று முன்னால் தீர்ந்துபோகும். வண்டி நின்றுவிடும். பின்னால் வருகிற லாரி ஹாரன் அடிக்கும்.

மலைச் சைக்கிள் பந்தயத்தின் தனிக் குணம் இதுதான். தார்ச்சாலையில் ஒரே சீராக மிதிக்கலாம். மலையின் மண்பாதையில் இருபது அடிக்கு ஒரு மேடு, அதில் ஒரு வேர், அதைத் தாண்டினால் ஒரு பாறை. ஒவ்வொன்றும் தொட்டியிலிருந்து ஒரு குவளை மொள்ளும். வரம்புக்குக் கீழே சில நிமிடங்கள் மிதித்தால்தான் தொட்டி மறுபடி ஊறும். அனுபவமுள்ளவர்கள் மேட்டைப் பார்த்ததும் பாய்வதில்லை. மேடு வருமுன்பே கியரைக் குறைத்துக்கொண்டு, ஏறி முடித்ததும் மூச்சு அடங்கும்வரை மெதுவாகப் போகிறார்கள்.

தொடை எரிவதற்கு 'லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது' என்று காரணம் சொல்வது நம் பள்ளிக்கூடங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் இன்னும் வழக்கம். அமெரிக்க உடலியலாளர் ஜார்ஜ் புரூக்ஸின் நெடுங்கால ஆய்வுகள் வேறு சித்திரம் தருகின்றன. தசையில் உண்டாகும் லாக்டேட் கழிவு அல்ல, எரிபொருள். ஒரு தசை நார் வெளியே அனுப்புவதைப் பக்கத்து நாரும் இதயமும் எடுத்து எரித்துக்கொள்கின்றன. அது அதிகமாகச் சேருவது, நாம் வரம்புக்கு மேலே ஓட்டுகிறோம் என்பதற்கான அடையாளம். அதைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை.

சமவெளிக்காரனின் மலை

எங்கள் திருவொற்றியூரில் மலைக்கு எங்கே போவது? இராயபுரம் முதல் எண்ணூர் முகத்துவாரம் வரை கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிற நிலம். எங்களுக்கு மேடு என்றால் எர்ணாவூர் மேம்பாலம் மாதிரி ஏதாவது ஒரு பாலம்தான். பாலம் 8 மீட்டர் என்றால், காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போகிற ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றத்துக்கு, அதே பாலத்தை 125 தடவை ஏறி இறங்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது தடவை ஏறினேன். பாலத்தடியில் இளநீர் விற்கிற அக்கா, "இன்னாத்தயாவது தொலைச்சிட்டியா தம்பி?" என்று அக்கறையாகக் கேட்டார்.

பிறகுதான் தெரிந்தது, எங்கள் ஊரிலும் மலை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மலை. கோடைக்காலப் பிற்பகல்களில் கடற்கரையோரக் காற்று பெரும்பாலும் தெற்கும் தென்கிழக்குமாக வீசும். எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே போகும்போது சைக்கிள் தானாக ஓடும். திரும்பும்போதுதான் தெரியும். மலைச் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறீர்கள். எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று. அந்தக் காற்றைப் பிளந்துகொண்டு போவதற்கு மட்டுமே சுமார் 160 வாட் வேண்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்த 85 கிலோவை நூற்றுக்கு எட்டு என்ற சரிவில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் தூக்கிச் செல்லக் கிட்டத்தட்ட இவ்வளவுதான் தேவை. காலுக்கு இரண்டும் ஒரே பளு. எதிர்காற்றில் எண்ணூரிலிருந்து திரும்புகிறவர் ஒரு மலை ஏறிக்கொண்டிருக்கிறார்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. காற்றில் ஓட்டும்போது வேகம் இருப்பதால், மிதி மேலும் கீழுமாக நேர்கோட்டில் நிற்கிற அந்தக் கணத்தைச் சைக்கிளின் உந்தமே கடத்திவிடும். செங்குத்தான ஏற்றத்தில் உந்தம் இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் நடுவே வண்டி தளர்ந்து நிற்கப் பார்க்கும். கியர் அங்கேதான் உதவிக்கு வருகிறது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1950-களிலிருந்து செய்து அனுப்பிய ஹெர்குலிஸ் போன்ற கறுப்பு சைக்கிள்களில் பெரும்பாலும் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் பல்சக்கரத்தில் 18. ஒரு சுற்று மிதித்தால் ஐந்து மீட்டருக்கு மேல் போகும். சமவெளிக்கு அது சரி. மலைச் சைக்கிளில் முன்னே 32, பின்னே 50 பல் வரை உண்டு. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தும் வேகம் 6 கி.மீ. மட்டுமே. வேகம் குறைவு என்று வெட்கப்பட வேண்டாம். தொட்டியைத் தொடாமல் மலை ஏறுவதற்குத்தான் அந்தப் பல்சக்கரம்.

டயர் விஷயத்திலும் என் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நம் பங்ச்சர் கடைகளில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு" என்றால்தான் திருப்தி. மழமழப்பான சாலைக்கு அது பொருந்தும். கரடுமுரடான பாதையில் கல் மாதிரியான டயர் ஒவ்வொரு கூழாங்கல்லிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அந்தத் தூக்கலுக்கான ஆற்றல் நம் காலிலிருந்து போகிறது. அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய வேலை கைக்கும் முதுகுக்கும் வந்து சேர்கிறது. காற்றைக் குறைத்து 25 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தால் கல்லை டயர் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது. நாம் நேர்கோட்டில் போகிறோம். பன்னிரண்டு மணி நேரத்தில் இந்தச் சின்னச் சேமிப்பு பெரிய வித்தியாசமாகிறது. இல்லாவிட்டால், ஆறாம் மணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் பிரேக்கைப் பிடிக்கவே முடியாது. உள்ளங்கை ஓரமாகப் போகும் நரம்பு நசுங்குவதால் வருகிற மரப்பு அது.

மலை இறங்குவதும் ஒரு கணக்குதான். ஏறும்போது சேர்த்த ஆற்றலில் பெரும்பங்கு இறங்கும்போது பிரேக்கில் வெப்பமாகக் கழிய வேண்டும். 1976-ல் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊர்ப் பக்கம் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். மலைச் சைக்கிள் என்ற விளையாட்டின் தொடக்கங்களில் ஒன்று அது. அந்தச் சரிவுக்கு 'ரீபேக்' என்று பெயர். பின்சக்கர அச்சுக்குள் இருந்த பிரேக், ஒரு தடவை இறங்கியதுமே கிரீஸ் கருகிப் புகைகிற அளவு சூடேறிவிடும். பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்தக் கிரீஸ் அடைக்கிற வேலையே மலைப்பாதைக்குப் பெயரானது.

பலா மரத்தடியில்

கொல்லிமலைக்கு வருகிறேன். செம்மேடு ஊரைச் சுற்றிய மண்பாதைகள். மிளகுக்கொடி ஏறிய மரங்கள், இடையிடையே காப்பி, வாழை. கடல்மட்டத்துக்காரனுக்கு அந்தக் குளிர்ந்த காற்றே ஒரு போதை. காசிமேட்டு அண்ணன் சொன்னதை மறந்து, முதல் இரண்டு மணி நேரம் ஏறி மிதித்தேன். பசியே இல்லை. எடுத்துப்போன கடலை மிட்டாயைத் தொடவில்லை.

ஐந்தாம் மணி நேரத்தில் ஒரு சாதாரண மேட்டில் சைக்கிள் நின்றது. கால் வலிக்கவில்லை. மூச்சும் வாங்கவில்லை. ஆனால் அடுத்த மிதி மிதிக்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. பலா மரத்தடியில் உட்கார்ந்தேன். பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எந்தப் பக்கம் கிழிப்பது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் நடுங்கியது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. பின்னால் வந்த நண்பன் என்னைப் பார்த்தவுடன் இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். கால் மணி நேரத்தில் உலகம் மறுபடி தன் நிறத்துக்குத் திரும்பியது.

நடந்தது இதுதான். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். மொத்தம் 2,000 கிலோகலோரி அளவு. கொழுப்பு வேண்டிய அளவு இருக்கிறது. ஒல்லியான மனிதரிடம்கூட நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டுகிற அளவு உண்டு. ஆனால் கொழுப்பு மெதுவாக எரியும் விறகு. மெதுவாக மிதிக்கும்போது தேவையில் பாதியை அது தரும். வேகம் கூடக்கூட உடம்பு விறகை விட்டுவிட்டு மண்ணெண்ணெய்க்குப் போகிறது, அதாவது கிளைகோஜனுக்கு. முதல் இரண்டு மணி நேரத்தில் நான் ஊற்றி எரித்தது அதைத்தான்.

தசைக்குள் இருக்கும் கிளைகோஜன் அந்தத் தசைக்கு மட்டும்தான் பயன்படும். இரத்தத்தின் சர்க்கரையைத் தாங்கிப்பிடிப்பது கல்லீரலின் அந்த 100 கிராம். மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கிற உறுப்பு. கல்லீரல் காலியாகி இரத்தச் சர்க்கரை இறங்கினால் முதலில் தடுமாறுவது மூளைதான். பிஸ்கட் பாக்கெட்டைக் கிழிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது கோழைத்தனம் அல்ல. மன உறுதி என்பதும் குளுக்கோஸில் ஓடுகிற ஒன்றுதான்.

அடுத்த முறை கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். சைக்கிள் மிதிப்பதில் தசையின் திறன் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதனால் ஒரு வசதியான மனக்கணக்கு உண்டு. மிதியில் ஒரு கிலோஜூல் வேலை செய்தால், உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவு. சராசரியாக 125 வாட் மிதித்தால் மணிக்கு 450 கிலோகலோரி. பாதி கொழுப்பிலிருந்து வந்தால் மீதிக்குச் சுமார் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். குடல் ஒரு மணி நேரத்தில் குளுக்கோஸை உறிஞ்சக்கூடிய அளவும் சுமார் 60 கிராம்தான். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ் வேறு வாசல் வழியாக உள்ளே போவதால், இரண்டும் கலந்து உண்டால் 90 கிராம் வரை ஏறும். வெல்லத்திலும் வாழைப்பழத்திலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்து உண்டு. மணிக்கு இரண்டு பழமும் ஒரு துண்டு வெல்லமும். பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. பசி எடுப்பதற்குள் கணக்கு தவறியிருக்கும்.

உப்பும் நீராகாரமும்

நாலில் ஒரு பங்கு வேலையானால், மீதி முக்கால் பங்கு என்ன ஆகிறது? வெப்பமாகிறது. 150 வாட் மிதிக்கிறவரின் உடம்பில் ஏறத்தாழ 475 வாட் வெப்பம் உண்டாகிறது. பழைய நூறு வாட் குண்டு பல்பு ஐந்தை வயிற்றுக்குள் எரியவிட்ட மாதிரி. அந்த வெப்பம் வெளியேறவே வழியில்லை என்று வைத்துக்கொண்டால், 70 கிலோ உடம்பின் வெப்பநிலை ஒன்பது நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். அரை மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். மேலே சொன்ன வெப்பத்தை ஆற்ற மணிக்கு 700 மில்லி ஆவியானால் போதும்.

ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சொட்டிக் கீழே விழுகிற வியர்வை வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை. 35 டிகிரியில் இருக்கிற ஈரத் தோலில் நீராவியின் அழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம். சென்னையில் 32 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு காலையில் காற்றிலேயே 27 மில்லிமீட்டர் நீராவி இருக்கிறது. ஆவியைத் தள்ளும் வித்தியாசம் வெறும் 15. உதகையில் 18 டிகிரி, 60 சதவீதம் என்றால் காற்றில் 9 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் 33. நம் கடற்கரையில் வியர்வை வழிந்து செருப்பு நனைவதற்குக் காரணம் இந்த எண்தான். உடம்பு தேவைக்கு மேல் வியர்க்கிறது. பாதி வீணாகிறது. இரத்தத்தின் நீர் குறையக்குறைய, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து உழைக்கிற உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. இரத்தத்தின் திரவப் பகுதி பெருகுகிறது. வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது. சுரப்பிகள் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளப் பழகுகின்றன. இதயத்துடிப்பு தணிகிறது. கடல்மட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு மலைக்காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. சுமார் 2,240 மீட்டர் உயரத்து உதகையில் காற்றழுத்தம் இங்கிருப்பதில் முக்கால் பங்குதான். ஆனால் வெயில் ஏறிய மதியத்தில் மற்றவர்கள் தளரும்போது எங்களுக்குக் கை கொடுப்பது, திருவொற்றியூர் வெக்கை எங்கள் உடம்பில் செய்துவைத்த இந்த ஏற்பாடு.

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது ஆபத்து. ஒரு லிட்டர் வியர்வையோடு ஒரு கிராம் அளவுக்குச் சோடியம் போகிறது. ஆளுக்கு ஆள் இது பாதியாகவும் இருக்கும், ஏறக்குறைய இரண்டு மடங்காகவும் இருக்கும். இழந்ததைவிட அதிகமாக வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு வரை போகும். 2002-ம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது.

உப்பையும் சர்க்கரையையும் சேர்த்துக் குடிப்பதில் இன்னொரு நுட்பம் உண்டு. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே கதவு வழியாகக் கைகோத்துத்தான் உள்ளே வருகின்றன. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் வருகிறது. 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. இரத்தக்குழாய் வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று சைக்கிளோட்டிகள் வண்ண வண்ணப் பொட்டலங்களில் வாங்கிக் கரைத்துக் குடிக்கிற பானம் அதே கதவைத்தான் தட்டுகிறது.

காசிமேட்டு அண்ணனின் வண்டிப் பலகைக்கு அடியில் ஒரு தூக்குவாளி தொங்கும். உள்ளே நீராகாரம், கல் உப்பு, இரண்டு சின்ன வெங்காயம். சோற்றிலிருந்து இறங்கிய மாவுச்சத்து, உப்பு, தண்ணீர். பாலம் ஏறுவதற்கு முன் நாலு மடக்கு, இறங்கிய பிறகு நாலு மடக்கு. தாகம் எடுக்கும்வரை அவர் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

இதே கணக்கோடு நெடுந்தூரம் போனவர்களும் உண்டு. அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கிற, ஏறத்தாழ 4,800 கி.மீ. நீளமுள்ள 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' பந்தயத்தைத் தனி ஆளாக 12 நாள் வரம்புக்குள் முடித்த முதல் இந்தியர் லெப்டினன்ட் கர்னல் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத். ஆண்டு 2017. அதே ஆண்டு நாக்பூரின் டாக்டர் அமித் சமர்த்தும் முடித்தார். கோகுல்நாத் ராணுவ மருத்துவர். இருவருமே உடம்பின் கணக்கைப் படித்தவர்கள் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

நாலாவது கணக்கு

மூன்று கணக்குகளை நாம் சரிசெய்துகொள்ளலாம். மெதுவாகப் புறப்படலாம். நேரத்துக்கு உண்ணலாம். உப்போடு குடிக்கலாம். நாலாவது கணக்கு நம் கையில் இல்லை. அது காற்று.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். சைக்கிள் மிதிக்கும்போது 50 லிட்டர் ஆகிறது. இரண்டு மணி நேரப் பயிற்சியில் உள்ளே போகும் காற்று, பன்னிரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் இழுக்கும் காற்றுக்குச் சமம். அதோடு வாயால் மூச்சு விடுகிறோம். மூக்கின் மயிரும் ஈரமும் வடிகட்ட வேண்டியதை வாய் வடிகட்டாது. பி.எம். 2.5 என்று சொல்லும் நுண்துகள் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய் உட்காரும். இந்திய அளவுகோல் ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த வழிகாட்டி 15 தான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளை ஒட்டி ஓட்டுகிற எவருக்கும் இந்த எண்களைத் தொண்டையே சொல்லும். நிலக்கரி, சாம்பல், டீசல் புகை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையம் 1990-களிலிருந்து ஓடுகிறது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்த சாம்பலை அங்கே மீன் பிடிப்பவர்கள் காலால் அறிவார்கள்.

விடியற்காலைக் காற்று சுத்தமானது என்று நம்பித்தான் நாங்கள் நாலரை மணிக்குப் புறப்படுகிறோம். எங்கள் பகுதியில் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் தரையை ஒட்டிய காற்று கனத்துக் கீழேயே தங்குகிறது. புகை மேலே எழும்பிக் கலையாது. அதோடு இரவிலும் விடியலிலும் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். திருவொற்றியூருக்கு மேற்கே இருப்பது மணலி. 1960-களிலிருந்து சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வளர்ந்த ஊர். பிற்பகலில் கடற்காற்று எழுந்து புகையை உள்ளே தள்ளிக் கலைக்கும்வரை, விடியல் நேரத்து மணலிக் காற்று எங்கள் தெருக்கள் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. மணலியிலும் இராயபுரத்திலும் தானியங்கிக் காற்றுத்தர நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் அளவீட்டைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பது, டயரை அழுத்திப் பார்ப்பதைப் போலவே ஒரு பழக்கமாக வேண்டும்.

என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிளோட்டிக்கு இதில் தேர்வு இருக்கிறது. காற்று மோசமென்றால் வீட்டிலிருக்கலாம், கடற்காற்று எழுந்தபின் போகலாம், மலைக்கே போய்விடலாம். மிதித்துப் பிழைப்பவருக்கு அந்தத் தேர்வு இல்லை. மீன் வந்து இறங்குகிற நேரம்தான் அவர் நேரம். லாரி நிற்கிற சாலைதான் அவர் சாலை. நிமிடத்துக்கு 50 லிட்டர் வீதம், நாளைக்கு ஐந்தாறு மணி நேரம், ஆண்டுக்கணக்காக அந்தக் காற்றை இழுக்கிற உடம்பு அவருடையது. லாரிகளை இன்ஜினை அணைத்து நிறுத்திவைக்க ஓர் இடம், மிதிவண்டிகளுக்கும் மூன்றுசக்கர வண்டிகளுக்கும் சாலையோரத்தில் தனித் தடம், மூடிய வண்டிகளில் மட்டும் நிலக்கரி. இவற்றைக் கேட்பது விளையாட்டுக்காரரின் சொகுசுக்காக அல்ல.

சென்ற மாதம் எர்ணாவூர் பாலத்தடியில் அந்த அண்ணனைப் பார்த்தேன். அன்றைக்குச் சரக்கு கூடுதல். நான் இறங்கி, சைக்கிளைக் கம்பத்தோடு பூட்டிவிட்டு, அவர் வண்டிக்குப் பின்னால் கை வைத்தேன். நான் அவசரமாகத் தள்ளப் போனபோது, "மெல்ல, மெல்ல" என்றார். அவர் வேகத்துக்கே தள்ளினேன். நடுப்பாலத்திலும் வேகம் கூடவில்லை, குறையவில்லை. மூன்று நிமிடத்தில் உச்சி வந்தது. வண்டி நிற்கவில்லை. அவராகவே நிறுத்தினார்.

இடப்பக்கம் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க லாரிகள் வரிசையாக நின்றன. அவர் ஹேண்டில்பாரில் இரண்டு கையையும் ஊன்றி, வாயைத் திறந்து, நெஞ்சு ஏறி இறங்கச் சொன்னார்:

"கொஞ்சம் மூச்சு வாங்கிக்கினு போலாம் தம்பி."